முப்பத்தொன்பதாவது ஆள்

“ஒரே ஒரு ஆள்! ஒரு ஆள் கூட ஏறினா படகு என்ன கவுந்தா போயிடும்?”

கத்தியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பத்து நிமிடத்துக்கு முன்னால் இதே படகுத்துறையில், நினைவுக் கல்லுக்கு முன் நின்று, “இனி ஒரு உயிரைக்கூடப் போக விடமாட்டோம்” என்று கண்கலங்கப் பேசியவரும் அவர்தான். நாங்கள் எல்லோரும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றோம். பிறகு அடித்துப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினோம்.

பதினோரு வருடம் ஆகிறது. நாற்பது பேர் போகவேண்டிய படகில் நூற்றுப் பதினெட்டுப் பேர் போனார்கள். எழுபத்தாறு பேர் கரை சேரவில்லை. நாடே கொடியை அரைக்கம்பத்தில் இறக்கிவிட்டு அழுதது. என் அண்ணன் பெயர் அந்தக் கல்லில் நான்காவது வரியில் இருக்கிறது.

கரையில் ஓர் அம்மா பையும் கையுமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

“என் பொண்ணுக்குத் தலைப்பிரசவம்ப்பா. வலி வந்து அக்கரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. கூட சொந்தம்னு ஒருத்தரும் இல்ல.”

“முப்பத்தெட்டு பேர் ஆச்சும்மா. நானும் ஓட்டுறவரும் சேர்ந்தா நாப்பது. அடுத்த நடை அம்பது நிமிஷத்துல வரும்” என்றார் டிக்கெட்காரர்.

அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே ‘முப்பத்தெட்டு’தான். இந்தத் துறைக்கு வந்து ஒரு வருடம் இருக்கும். கைக்குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுவார். கெஞ்சினாலும் மசியமாட்டார், மிரட்டினாலும் மசியமாட்டார். படகில் வேலை பார்க்கிறவருக்குச் சைக்கிள் வேறு! காலையில் இக்கரைத் தூணில் பூட்டிக் கிடக்கும். சில நாள் சாயங்காலம் பார்த்தால் அக்கரையில் நிற்கும். “தண்ணி மேல ஓட்டிப் பழகுறாரு போல” என்று சிரித்துக்கொள்வோம்.

“உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாய்யா? பெத்த தாய்யா அது!” என்றார் கடைக்காரர்.

நானும் “அதானே!” என்றேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே குரல் கொடுத்தேன்.

முப்பத்தெட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

“ஈரமா? அன்னைக்கு இந்தத் துறையில கயிறு பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான்தான் சார். ‘ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்’னு கை நீட்டினாங்க. பாவமா இருந்துச்சு. இந்தக் கைதான் அத்தனை பேரையும் தூக்கி உள்ள விட்டுச்சு. அன்னைக்கு என்னை மாதிரி நல்லவன் இந்தத் துறையிலயே கிடையாது.”

கை நீட்டியவர்களில் என் அண்ணனும் ஒருவராக இருந்திருப்பார்.

“யாராவது ஒருத்தர் எறங்குங்க. அந்தம்மா தாராளமா ஏறட்டும். நான் வேண்டாங்கல.”

ஒருவரும் அசையவில்லை. கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. ஊருக்கு உபதேசம் சொல்ல முப்பத்தெட்டு பேர் இருந்தோம்; எழுந்திருக்க ஒருவர் இல்லை.

டிக்கெட்காரர் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் படகோட்டியிடம் கொடுத்தார். கரையில் இறங்கினார்.

“ஏறும்மா, என் இடம் இருக்கு. பார்த்து, வழுக்கும்.”

“நீ எப்படிப்பா வருவ?”

“நான் வந்துருவேம்மா. பேரப்பிள்ளை அழுற சத்தம் கேக்குறதுக்குள்ள போய்ச் சேருங்க.”

படகு நகர்ந்தது. அவர் தூணுக்குப் பக்கத்தில் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறப்பது தெரிந்தது.

“இப்ப எங்க கிளம்புறாரு?” என்று படகோட்டியைக் கேட்டேன்.

“அக்கரைக்குத்தான். பழைய பாலத்துல வண்டி விடமாட்டாங்க, சைக்கிள் போகும். சுத்தி வந்தா பன்னண்டு கிலோமீட்டர். நாம திரும்புற நடைக்கு அங்க வந்து ஆள் எண்ணணும்ல? சாயங்காலம் சைக்கிளைப் படகுலயே ஏத்திக்குவாரு. அதையும் ஒரு ஆளா எண்ணித்தான்!” படகோட்டி சிரித்தார். “விசாரணை முடிஞ்சு ஆபீஸ்ல உக்கார்ற வேலை குடுத்தாங்க. இந்தத் துறைதான் வேணும்னு வருஷக்கணக்கா எழுதி எழுதிக் கேட்டு வாங்கிட்டு வந்தவரு. இந்த மாசத்துல இது ஆறாவது தடவை.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் போனதிலிருந்து இந்தத் தண்ணீரைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். அன்று அக்கரை போய்ச் சேரும்வரை அந்தக் கோபம் வரவில்லை.

மறுநாள் காலை முப்பத்தெட்டின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தோம். “பொண்ணு பொறந்திருக்காம், தாயும் பிள்ளையும் சுகம்” என்று படகோட்டியிடம் சொல்லிக்கொண்டே எங்களை எண்ணி முடித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அண்ணே, இன்னைக்குத்தான் வேலையில சேரணும். முதல் நாளே லேட்டாப் போனா... ஒரு ஆள்தானேண்ணே...”

அவர் பதில் சொல்வதற்குள் எங்கள் வரிசையில் ஒருவர் எழுந்தார். தொப்பையைத் தூக்கிக்கொண்டு, நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு, தட்டுத்தடுமாறிக் கரையில் இறங்கினார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

“நீ ஏறும்மா” என்றார் அந்தப் பெண்ணிடம். பிறகு முப்பத்தெட்டின் முன்னால் கையை நீட்டினார்.

“சார், அந்த சைக்கிள் சாவியைக் கொஞ்சம் குடுங்க.”