போகாத பயணங்கள்

கோவையிலிருந்து நாகைக்குத் தனியார் பணத்தில் போடவிருந்த ரயில் பாதையில், புங்கம்பட்டிக்கு நிலையம் வேண்டாம் என்று திட்டக் கணினி சொல்லிவிட்டது. ஊரில் யார் செல்போன் பத்து வருஷமாக எங்கெங்கே போனது என்பது அதற்கு அத்துப்படி. அந்த ஊர்க்காரர்கள் எங்கேயுமே போவதில்லையாம்.

திட்டத் தலைவர் வேதரத்தினம் கையெழுத்துப் போடப்போன நேரத்தில், சர்வேயர் செண்பகவல்லி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றாள். ஒரு மாதமாக அந்த ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள்.

"ஜனங்க போன இடத்தைத்தான் சார் கம்ப்யூட்டர் எண்ணுது. அவங்க போக முடியாமப் போன இடத்தையெல்லாம் நான் கேட்டு எழுதிட்டு வந்திருக்கேன்."

மேல் தாளை எடுத்துப் பார்த்தார். மாரிக்கண்ணு, வயது ஐம்பத்தெட்டு. நாகையில் மகளுக்குப் பிரசவம், போகவில்லை. மூன்று பஸ் மாற இடுப்பு தாங்காது. பேத்தியை இன்னும் போனில்தான் பார்க்கிறாள்.

இருபது வருஷ சர்வீஸில் இந்தக் கேள்வி தனக்குத் தோன்றவே இல்லையே என்று நினைத்தபடி வேதரத்தினம் பேனாவை மூடி வைத்தார்.

அத்தனை தாளையும் கணினிக்குக் கொடுத்தார்கள். அது புங்கம்பட்டிக்கு நிலையம் மட்டுமல்ல, இரண்டு நடைமேடையும் கேட்டது.

"அந்த மாரிக்கண்ணு அம்மாவோட மக மறுபடி முழுகாம இருக்கு சார்," என்றாள் செண்பகவல்லி. "ஐப்பசியில பிரசவம்."

எந்திரங்கள் ஆவணிக்குள் பாதையை முடித்துவிடும் என்றாலும், பணம் போட்டவர்கள் திறப்பு விழாவுக்குத் தை மாதத்தில் நல்ல நாள் பார்த்து வைத்திருந்தார்கள். வேதரத்தினம் அதை அடித்துவிட்டு, எந்த ஜோசியரும் ஒப்புக்கொள்ளாத புரட்டாசியை எழுதினார்.