சேதி ஒன்றுமில்லை

அக்டோபர் 7, வியாழன். சூறைக்காற்று கூரையை முழுவதும் கொண்டுபோய்விட்டது என்று நேற்று எழுதியிருந்தேன். தவறு. சமையலறைக்கு மேல் இரண்டு தகரங்கள் மிஞ்சியிருக்கின்றன. இந்த நாட்குறிப்பைத் திருத்தித் தரும் ஆசிரியரின் மாலை வகுப்பு இல்லாததால் நானே திருத்திக்கொள்கிறேன்.

வரவேற்பறைக்குள் வெயில் மேலிருந்து சாய்ந்து இறங்குகிறது. மணல் படிந்த பாயில் அமர்ந்து, பக்கத்து ஊர் மஸ்ஊதுக்கு வாப்பா காபி ஊற்றுகிறார். குடுவையின் மூக்கு கிண்ணத்தில் மோதிக் கிணுகிணுக்கிறது. "சாலிம் வாப்பா, என்ன சேதி?" என்று என் பெயரைச் சேர்த்து அழைத்துக் கேட்கிறார் மஸ்ஊத். "நல்ல சேதிதான். எல்லாம் சுகம்." எங்கள் ஓமன் கரையில் எல்லோரும் சொல்லும் பதில் இதுதான். வீட்டுக்காரர் தன் வாயால் குறையைச் சொல்லாதவரை விருந்தாளி உதவியைப் பற்றிப் பேசமாட்டார். மஸ்ஊத் வானத்தைப் பார்க்கிறார். "வேற சேதி?" "ஒண்ணுமில்ல." அவர் காலிக் கிண்ணத்தை ஆட்டிக் காட்டுகிறார், போதும் என்று அர்த்தம். இனி எழுந்துவிடுவார். மூலையில் காய்ச்சலோடு படுத்திருக்கும் தங்கை இருமுகிறாள். பெண்கள் பக்கத்தை மறைத்த சுவர் விழுந்துகிடக்க, கற்களுக்கு அப்பால் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். "சேதி இருக்குண்ணே. கூரை போயிருச்சு. புள்ள காய்ச்சல்ல கெடக்கு." வாப்பா நிமிரவில்லை. "ஏம்ப்பா, வாயில பேரீச்சங்கொட்டையா வச்சிருந்தே?" என்று மஸ்ஊத் மெதுவாகக் கேட்கிறார். யாரும் சிரிக்கவில்லை. குடுவையை இரு கைகளாலும் பிடித்தபடி இருக்கும் வாப்பாவின் தாடியில் கண்ணீர் இறங்குகிறது.

நாளை காலை மஸ்ஊத் தகரத்தோடு வருகிறார். வாப்பா எழுவதற்குள் சுவர்க் கற்களை நான் அகற்ற வேண்டும்.