சாயங்காலம் வரை ஒரு குட்டி

சிலி நாட்டு வல்பரைசோ நகரின் மலைச்சரிவில் தனியாக வாழ்ந்த இர்மா, சிறுநீரகம் கெட்டுப்போன தன் பூனை மோராவுக்குக் குளிர்காலம் முழுக்க மடியில் வைத்து மருந்து புகட்டினாள். மோரா செத்த பிறகு அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. பக்கத்து வீட்டு நெல்டா ஒரு சாம்பல் நிறக் குட்டியோடு வந்து நின்றாள்.

"வேண்டாம்டி. இன்னொண்ணையும் பொதைக்க என்னால ஆகாது."

"உன்னை யாருடி பொதைக்கச் சொன்னா? சாயங்காலம் வரைக்கும் வச்சிரு. பிடிக்கலைன்னா நானே தூக்கிட்டுப் போறேன்."

குட்டி பாலைத் தொடவில்லை. சோபாவுக்கு அடியில் புகுந்து ஓயாமல் கத்தியது. எடுக்கப் போனால் சீறியது. இர்மா அலுத்துப்போய்ப் பாத்திரம் கழுவப் போனாள். கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது.

எட்டிப் பார்த்தாள். வெயில் விழுந்த தரையில் குட்டி கண்ணை மூடிப் படுத்திருந்தது. அதன் தலை மட்டும் மெல்லச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை. இர்மா குனிந்து தொட்டாள். நெற்றி மயிர் தாய்ப்பூனை நக்கிவிட்டதுபோல ஈரமாக, ஒரே பக்கமாகப் படிந்திருந்தது.

சாயங்காலம் நெல்டா கதவைத் தட்டினாள். "என்னடி, கொண்டுபோகட்டுமா?"

"சத்தம் போடாதே" என்றாள் இர்மா. "இப்பதான் மோரா தூங்க வச்சிருக்கா."