கூடை இல்லாத நாள்

கழுத்து வலித்தது. தலையில் கூடை இருக்கும்போது இந்த வலி தெரியாது. இறக்கி வைத்த பிறகுதான் முழுசாக வரும்.

அன்று நான் மீன் கூடையைத் தொடவே இல்லை. படகுகள் கரை சேர்ந்திருந்தன, லாரிகள் காத்திருந்தன. ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று, ஊர் சுற்றிக் காட்டும் மக்தார் ஞாயின் குதிரை வண்டியில் ஊர் பார்க்க வந்தவளைப் போல ஏறி உட்கார்ந்திருந்தேன்.

முகத்தை மூடியிருந்தேன். மகளின் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். சோப்புப் போட்டு இரண்டு முறை குளித்திருந்தேன்.

எதிரே தலைநகர் டாக்காரிலிருந்து வந்த புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும். இப்படி ஒரு ஜோடிக்காகத்தான் காத்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் ஏறினால் மக்தார் பிரெஞ்சு பேசுவான். எனக்கு அது தெரியாது. டாக்கார்க்காரர்கள் என்றால் எங்கள் பாஷையில்தான் பேசியாக வேண்டும்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

தினமும் அவன் வண்டி சின்னப் பாலம் தாண்டி எங்கள் குப்பத்துக் கரையில் வந்து நிற்கும். சுமையோடு வரும் என்னைச் சாட்டையால் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொல்வான். வண்டியில் இருப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஞாய் வீட்டாரும் ஜோப் வீட்டாரும் எங்கே சந்தித்தாலும் கேலி பேசியே தீர வேண்டும், எங்கள் முறை அப்படி. நான் பெந்தா ஜோப். "ஏ சோத்துமூட்டை, என் அடிமையே!" என்று அவன் கத்துவான். "போடா, உங்க வம்சமே அரிசி திருடி வளர்ந்ததுதானே!" என்று நானும் கத்துவேன். அதில் கோபம் கிடையாது.

ஆனால் எனக்குப் புரியாத பாஷையில், நான் திருப்பிக் கொடுக்க முடியாதபடி சொல்வது என்ன முறை? பதினோரு வருஷமாக அது உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது.

வண்டி இரும்புப் பாலம் தாண்டி, பழைய ஊர் இருக்கும் தீவுக்குள் நுழைந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக இந்தத் தெருக்களில் நடக்கிறேன். கூடைக்கு அடியில் இருப்பவள் அண்ணாந்து பார்க்க முடியாது. சுவர்களின் அடிப்பாகம்தான் எனக்குப் பழக்கம். மேலே இத்தனை மர பால்கனி இருப்பதையும், அதில் பூந்தொட்டி தொங்குவதையும் அன்றுதான் பார்த்தேன்.

புதுப்பெண்ணுக்குப் பிடிக்கவில்லை.

"டாக்கார்ல இல்லாத கடலா? அவ்ளோ தூரத்துலேருந்து வந்து பாக்குற ஊரா இது?"

"முழுசா சுத்திட்டுச் சொல்லும்மா," என்றான் மக்தார்.

"முதல்ல இந்த மீன் நாத்தம் எங்கேருந்து வருதுன்னு சொல்லுங்க."

நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"மெத்தைம்மா, மெத்தை. ரெண்டு வருஷம் முன்னாடி கரையில ஒருத்திக்குக் கை தவறி, மீன் கழுவுன தண்ணி வாளியோட வண்டிக்குள்ள கொட்டிருச்சு. விடியலேருந்து சுமந்த கை. தவறாதா பின்ன?"

மெத்தை புத்தம் புதியது. நாற்றம் என்னுடையது.

சின்னப் பாலம் தாண்டினோம். அவன் கடிவாளத்தை இழுக்கவே இல்லை. குதிரை தானாக நின்றது.

மக்தார் சாட்டையைத் தூக்கினான். கரையைத் தேடிப் பார்த்தான். கீழே இறக்கினான்.

"ஏய், என் அடிமை எங்கடி?" என்று மீன் பிரிப்பவர்களைப் பார்த்துக் கத்தினான்.

"இன்னைக்கு வரல!"

"உடம்புக்கு முடியலையா?"

"ஏன், நீ கூடை தூக்க வர்றியா?"

கரை முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்குக் குடுத்து வைக்கல தம்பி. இங்க பெந்தான்னு ஒருத்தி வருவா. ரெண்டு ஆம்பள சேர்ந்து தூக்கிவிட்ட கூடைய ஒத்தையா கொண்டு போவா. வெள்ளக்காரங்ககிட்ட சொல்லுவேன், இந்த இரும்புப் பாலம், மாடி வீடு எல்லாம் உங்க தாத்தன் கட்டுனது, உங்க ஊர்லயும் இருக்கும். இவ இருக்க மாட்டா. நேத்து ஹோட்டல்ல நீங்க தின்ன மீனு இவ கழுத்துமேல வந்தது. நல்லா பாத்துக்குங்க. முறைப்படி எனக்கு அடிமை, ஆனா பயந்துகிட்டு நானே வண்டிய விட்டு எறங்க மாட்டேன்னு. அதுக்குத்தான் சிரிப்பாங்க."

கடிவாளத்தைக் கையில் எடுத்தான்.

"அவ இல்லாம ஊரு பாதிதான். நாளைக்கு வாங்க. சும்மாவே கூட்டிட்டு வரேன்."

புதுப்பெண் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். என் பக்கம் சாய்ந்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. பாக்குற மாதிரி ஊருதானா?"

"பாக்கலாம்மா," என்றேன், குரலை மாற்றி. "உக்காந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு."

குதிரை நகர்ந்தது. மெத்தையில் தலையைச் சாய்த்தேன். கழுத்து வலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அன்று போல நான் எங்கேயும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

அந்த வாளி மட்டும் முள்ளாக நின்றது.

இரண்டு வருஷம் முன்னால் என் கை தவறவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, அவன் தலையைக் குறிபார்த்துத்தான் ஊற்றினேன்.

அதற்கு அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னும் பாக்கி.