தோற்றதைக் கழற்று!

"என்னது கேம் ஆட வாங்கினதுதான். ஆனா உன் புது கார்டை என் பழைய கார்டு ஓட ஓட விரட்டும்!" என்றான் கணவன்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன் அவன். மனைவி வீட்டிலிருந்தே கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் போடுபவள். அதற்கென்றே வந்திருக்கும், கம்ப்யூட்டருக்குள் மாட்டும் கிராபிக்ஸ் கார்டை, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் வாங்கி வந்திருந்தாள்.

"நாளைக்கே போட்டி. ஜெயிச்சது வீட்டுல இருக்கும், தோத்தது வெளிய போகும். சம்மதமா?"

"சம்மதங்க."

மறுநாள் இருவர் கம்ப்யூட்டரிலும் ஒரே ஆஸ்பத்திரிக் கட்டடத்தைத் திறந்து சுற்றவிட்டார்கள். அவளுடையதில் திக்கித் திணறியது. அவனுடையதில் பம்பரமாகச் சுழன்றது.

"பார்த்தியா என் சிங்கத்தை! தோத்ததை இப்பவே கழட்டு!" என்று குதித்தான்.

அவள் தன் கம்ப்யூட்டரைத் திறந்து, கார்டைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். அதன்மேல் அவன் ஆசையாக ஒட்டிய சிங்க ஸ்டிக்கர் பல்லிளித்தது.

"காலையில நீங்க குளிக்கப் போனப்போ ரெண்டையும் மாத்தி மாட்டிட்டேன். என் கம்ப்யூட்டர் ஜெயிச்சிருந்தா ஒத்துக்கவா போறீங்க? ஏதாவது நொண்டிச் சாக்கு சொல்லுவீங்க. இப்போ உங்க வாயாலயே தீர்ப்பு வந்தாச்சு. போங்க, சிங்கத்தை வெளிய விட்டுட்டு வாங்க!"