ஜாடி சாய்ந்த மத்தியானம்

ரோமாபுரியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதன் உச்சி மாடியில் வீபியா என்ற தையற்காரி குடியிருந்தாள். அவள் வீட்டு மூலையில் ஒரு மண்ஜாடி இருந்தது. அதில் ஊற்றி வைத்த திராட்சை மது புளித்துக் காடியாகிவிட்டதால் ஜாடிக்கு ஒரே வெட்கம்.

"உன்னை நாளைக்குக் கொட்டிடுவா, பாரு," என்றது சுவரில் மாட்டியிருந்த வெண்கலக் கண்ணாடி.

 ஜாடிக்கும் அந்தப் பயம்தான்.

அன்று மத்தியானம் கணப்புச் சட்டியிலிருந்து ஒரு பொறி பறந்து வைக்கோல் மெத்தையில் விழுந்தது. மெத்தை திகுதிகுவென்று பற்றிக்கொண்டது. தண்ணீர் எடுக்கத் தெருவுக்குத்தான் இறங்க வேண்டும். வீபியா கைகால் ஓடாமல் நின்றாள்.

"ஐயோ, நான் கறுத்துடுவேனே!" என்று கண்ணாடி அலறியது.

ஜாடி ஆணியில் தொங்கிய ஒட்டுப்போட்ட கம்பளியைப் பார்த்துக் கத்தியது: "அக்கா, கீழே குதி! உன்னை நனைச்சுடறேன்!"

"நானே கந்தல், என்னால என்ன ஆகும்?"

"நல்ல கனமா இருக்கியே, அது போதும். குதி அக்கா!"

கம்பளி நழுவி விழுந்தது. ஜாடி சாய்ந்து, கடைசிச் சொட்டுவரை அதன்மேல் கொட்டியது. வீபியா நனைந்த கம்பளியை வாரித் தீயின்மேல் போட்டு அமுக்கினாள். உஸ்ஸென்று தீ அடங்கியது.

தீயைக் கண்டு மூட்டை முடிச்சோடு கீழே ஓடிய மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். வீபியா ஜாடியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். மறுநாளே வீட்டுக்கு வீடு வாசலோரம் ஒரு ஜாடி காடி வந்து உட்கார்ந்தது. மாடிப்படி முழுக்கப் புளித்த நெடி. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.