பொய் சொல்லும் தராசு

"எண்பத்திரண்டு. கூட ஏழு போட்டா எண்பத்தொன்பது" என்றான் வாபி.

தராசிலிருந்து இறங்கிய சமையல்காரி டோர்கஸ் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். மூட்டு வலிக்காக வாரம் ஒருமுறை ஹெலிகாப்டரில் ஹேகன் நகர ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் அவள். உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் ஏற்கனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"கண்ணாடியில பாத்தா அப்படியேதான் இருக்கேன். உன் வாயிலதான் வாராவாரம் குண்டாயிட்டு வர்றேன்."

வாபி சிரிக்கவில்லை. மலையுச்சியில் பாறையைத் துளைத்துத் தங்கம் தேடும் அந்த முகாமின் ஹெலிகாப்டர் தளத்துக்கு அவன்தான் பொறுப்பு. மனிதனோ மூட்டையோ, அவனுடைய தராசில் ஏறாமல் எதுவும் அங்கிருந்து பறக்காது. முன்பு பக்கத்துப் பள்ளத்தாக்கில் பாரம் மீறி ஏற்றிய ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தபோது, உடல்களைச் சுமந்து வந்தவர்களில் அவனும் ஒருவன். அன்றிலிருந்து எடை விஷயத்தில் அவனிடம் யாரும் விளையாட முடியாது.

அந்தத் தராசுதான் இப்போது பொய் சொல்லத் தொடங்கியிருந்தது. முதலில் இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது, பிறகு நான்கு, இப்போது ஏழு. முள் காட்டுவதோடு அந்தக் குறையையும் கூட்டித்தான் வாபி எடை சொன்னான். ஆளுக்கு ஏழு, பெட்டிக்கு ஏழு என்று கூட்டியதில் நகரத்துக்குப் போகவேண்டிய பாறைத் துண்டுப் பெட்டிகள் தளத்தோரம் தேங்கிக் கிடந்தன. முகாம் மேலாளர் கத்தித் தீர்த்தார்.

பழி டோம்பேயின் தலையில் விழுந்தது. டோம்பே வாபியின் மனைவிக்குத் தம்பி, தளத்தில் அவனோடு வேலை செய்பவன். தராசைக் கழுவும்போது ஒருநாள் கைதவறிக் கீழே போட்டது உண்மைதான், ஆனால் சேற்றில்தான் விழுந்தது என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். வாபி கேட்கவில்லை, மேலாளரிடம் சொல்லிவிட்டான். வேலை போயிற்று. இதோ, அடுத்து வரும் ஹெலிகாப்டரில் ஊர்போய்ச் சேர டோம்பேயும் பையோடு நிற்கிறான்.

அந்த மலைநாட்டு வழக்கப்படி, பெண் கொடுத்த வீட்டாரைப் பகைத்துக்கொண்டால் பன்றி வெட்டித்தான் சமாதானம் ஆகவேண்டும். எத்தனை பன்றி கேட்பார்களோ என்று டோர்கஸ் வேறு வாயைக் கிளறினாள்.

"பத்துப் பன்றின்னாலும் குடுத்துக்கிறேன். ஹெலிகாப்டர் விழுந்தா நாலு பிணம்" என்றான் வாபி.

டோம்பே பாக்கை ஒதுக்கித் துப்பினான்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் வாபி எல்லோரையும் குந்தவைத்தான். தொப்பியைக் கழற்று, பையை அணைத்துப் பிடி, விமானி தலையசைக்கும் வரை அசையாதே, வால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதே. அவனுடைய ஆரஞ்சுச் சட்டைதான் காற்றில் படபடத்தது. இறக்கைக்கு அடியில் தொளதொளவென்று எதுவும் இருக்கக்கூடாது என்பதால் அதன்மேல் இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். துவைத்துக் காயப்போட்ட இடத்தில் யாரோ அவன் சட்டையை எடுத்துக்கொண்டு பெரிதாக ஒன்றை வைத்துவிட்டார்களாம். அதற்கும் டோம்பேதான் ஏச்சு வாங்கினான்.

வழக்கமாக இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஆளேற்றிக் கிளம்பிவிடும் விமானி நெவில், அன்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"வாபி, ரெண்டு மூணு வாரமா வண்டி காலி வண்டி மாதிரி எழும்புது. நீ சொல்ற பாரம் அதுல இல்ல."

தராசு கெட்டுவிட்டது, குறைவாகக் காட்டுகிறது, தான் கூட்டித்தான் சொல்கிறேன் என்று வாபி விளக்கினான். கெடுத்தவனையும் கண்ணால் காட்டினான்.

"குறையுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"காலையில முதல்ல நானே ஏறி நிப்பேன். நான் எழுபத்தெட்டு. இந்தத் தளத்துக்கு வந்த நாள்லேருந்து எழுபத்தெட்டு."

நெவில் தராசையும் வாபியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, தைத்த வாய் பிரிக்காத அரிசி மூட்டைகள் நான்கைக் கொண்டுவரச் சொன்னார். டோம்பேதான் ஓடிப்போய்த் தூக்கிவந்தான். போகிற போக்கில் தன் பேரில் உள்ள பழியாவது தீரட்டுமே என்ற ஆத்திரம் அவனுக்கு.

இருபது கிலோ மூட்டை ஒன்றைப் போட்டார்கள். முள் இருபதில் நின்றது. நான்கையும் அடுக்கினார்கள். எண்பது. முள் இம்மிகூடப் பிசகவில்லை.

டோம்பேக்கு மூச்சு வந்தது. இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல் வாபியைத் திரும்பிப் பார்த்தான்.

வாபி மூட்டைகளை இறக்கிவிட்டுத் தானே தராசில் ஏறி நின்றான். எழுபத்தொன்று. இறங்கி, மறுபடி ஏறினான். எழுபத்தொன்று.

"வேற தராசு இருக்கா?" என்று நெவிலிடம் கேட்டான்.

டோர்கஸின் கண், தொளதொளத்த சட்டையை இறுக்கியிருந்த அவன் இடுப்புக் கயிற்றில் நின்றது. டோம்பேயும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்திலிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. தன் பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து வாபியின் கையைப் பிடித்தான்.

"மச்சான், என் சீட்டுல நீ ஆஸ்பத்திரிக்குப் போ."